ஒரு பொருளுக்கு ஒரு சொல்: கம்பியில்லா வலையமைப்புச் செய்திகள் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில், வாசகர் கேள்விப் பகுதியில், "எங்கள் வீட்டில் வைஃபை முழுதாகக் காட்டுகிறது, ஆனால் எதுவும் திறப்பதில்லை. என்ன காரணம்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அதற்கு அளிக்கப்பட்ட விடையில், வைஃபை என்பது "வயர்லெஸ் ஃபிடலிட்டி" என்ற தொடரின் சுருக்கம் என்றும், பழைய ரவுட்டருக்குப் பதிலாக 5ஜி ரவுட்டர் வாங்கினால் 5ஜி வேகத்தில் இணையம் கிடைக்கும் என்றும், பெட்டியின் மீது 300 எம்.பி. வேகம் என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. கேட்ட கேள்விக்கு அதில் விடையே இல்லை என்பது ஒருபுறம் இருக்க, சொல்லப்பட்ட மூன்றில் ஒன்று தவறு, மற்ற இரண்டும் அரைகுறை. பாலிடெக்னிக்கில் மின்னணுவியலும் பிற்காலத்தில் கணினி வலையமைப்பும் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் சற்று நீளும்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் அந்த வாசகியின் கேள்வி. கைப்பேசித் திரையின் மேல் ஓரத்தில் தெரியும் விசிறி வடிவச் சின்னம், அந்தக் கைப்பேசிக்கும் அதே வீட்டில் இருக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள சில மீட்டர் வானொலி இணைப்பு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. ரவுட்டருக்கு அப்பால், தெருக்கம்பங்களில் தொங்கிவரும் கண்ணாடி இழை லாரி உரசி அறுந்திருக்கலாம். சேவை நிறுவனத்தின் கருவி பழுதாகியிருக்கலாம். மாதக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் கடந்திருக்கலாம். அப்போதும் அந்தச் சின்னம் முழுமையாகவே இருக்கும். சமையலறைக் குழாய் புதிதாக இருக்கிறது என்பதால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று ஆகிவிடாது. சில கைப்பேசிகள் இந்த நிலையில் சின்னத்தின் அருகே ஒரு வியப்புக்குறி இட்டுக் காட்டும். அதைக் கவனிப்பவர்கள் குறைவு.

எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு பெரியவருக்கு இதே சிக்கல் வந்தபோது, என்னிடம் அவர் சொன்ன வாக்கியம், "வைஃபை ஃபுல்லா இருக்கு சார், நெட்டுதான் வரல" என்பது. இதைவிடத் துல்லியமாக எந்தப் பொறியாளரும் சொல்லிவிட முடியாது. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே அவர் கடைக்குப் போய், "வைஃபை வேலை செய்யல" என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் புதிய ரவுட்டர் ஒன்றை விற்றுவிட்டார். உண்மைக் காரணம், கட்டணத் திட்டம் இரண்டு நாளுக்கு முன் முடிந்துபோனதுதான். பேச்சில் சரியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரையும் பிரிக்காமல் சொல்லவைத்தது, வைஃபை என்றால் இணையம், இணையம் என்றால் வைஃபை என்று நாம் எல்லோரும், செய்தித்தாள்கள் உட்பட, எழுதியும் பேசியும் வரும் பழக்கம் என்றே நான் கருதுகிறேன். வைஃபை என்பது கருவிகளைக் கம்பியில்லாமல் ஓர் உள்ளூர் வலையமைப்பில் சேர்க்கும் வழி. அந்த வலையமைப்பு இணையத்தோடு இணைந்திருக்கலாம், இணையாமலும் இருக்கலாம். இணைய இணைப்பே இல்லாத ஒரு வீட்டிலும், ரவுட்டர் ஒன்று இருந்தால் மடிக்கணினியிலிருந்து அச்சுப்பொறிக்கு வைஃபை வழியாகக் கோப்பு அனுப்ப முடியும்.

இனி அந்தப் பெயர். கம்பியில்லா உள்ளூர் வலையமைப்புக்கான முதல் தரநிலையை, ஐ.இ.இ.இ. என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு, 802.11 என்ற எண்ணோடு 1997இல் வெளியிட்டது. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999இல் அதன் திருத்தமான 802.11பி, 11 மெகாபிட் வேகத்தோடு வந்தது. கடையில் போய் "802.11பி கொடுங்கள்" என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால், கருவி தயாரிக்கும் நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு, இன்டர்பிராண்ட் என்ற பெயர்சூட்டும் நிறுவனத்தை நாடியது. ஒலிக்கருவிகளில் பழகிப்போன "ஹை-ஃபை" என்ற சொல்லோடு எதுகை அமையும்படி வைஃபை என்று அவர்கள் வைத்த பெயருக்கு விரிவு எதுவும் கிடையாது. பெயர் வைத்த பின்னர், அதற்குப் பொருள் இல்லாமல் இருக்கிறதே என்று கூட்டமைப்பில் சிலர் சங்கடப்பட்டதால், "கம்பியில்லா ஃபிடலிட்டிக்கான தரநிலை" என்ற பொருளில் ஒரு விளம்பர வாசகத்தைச் சிறிது காலம் சேர்த்து வைத்திருந்து, பிறகு கைவிட்டார்கள். கைவிடப்பட்ட அந்த வாசகம்தான் கால் நூற்றாண்டாகப் பொது அறிவு வினா-விடைப் புத்தகங்களில் உயிரோடு இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள் என்பதால் தங்கள் இதழாவது திருத்தி எழுதலாம்.

தவறான விரிவினால் யாருக்கும் பணச் செலவு இல்லை. 5ஜி ரவுட்டர் விவகாரம் அப்படியன்று. இங்கே ஐந்து என்ற ஒரே எண் மூன்று வெவ்வேறு பொருள்களில் புழங்குகிறது. கைப்பேசி நிறுவனங்கள் சொல்லும் 5ஜி என்பது ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசி வலையமைப்பு. இந்தியாவில் 2022 அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கப்பட்டது. அரசிடம் ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையில், தெருமுனைக் கோபுரங்களிலிருந்து இயங்குவது. ரவுட்டர் பெட்டியின் மேலோ, அது ஒளிபரப்பும் பெயரின் கடைசியிலோ "5ஜி" என்று இருப்பது பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண்ணைக் குறிக்கும். ஹெர்ட்ஸை விழுங்கிவிட்டு ஜியை மட்டும் அச்சிட்ட தயாரிப்பாளர்களின் சோம்பலோ சாமர்த்தியமோ இந்தக் குழப்பத்துக்குக் காரணம். மூன்றாவது, "வைஃபை 5". 802.11 என்ற எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, ஜி, என், ஏசி என்று வளர்ந்துகொண்டே போன எழுத்துகளை வாங்குவோர் நினைவில் வைக்க முடியாது என்று உணர்ந்து, மேலே சொன்ன கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் 2018இல் அவற்றுக்கு வரிசை எண் கொடுத்தது. 2009இல் வந்த "என்" என்பது வைஃபை 4. அதற்கு அடுத்த "ஏசி" வைஃபை 5. அதற்கும் அடுத்த "ஏஎக்ஸ்" வைஃபை 6. இப்போது கடைக்கு வந்திருப்பது வைஃபை 7.

இந்த எண்களிலும் ஒரு பொறி உண்டு. வைஃபை 5 கருவிகள் 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், வைஃபை 6 என்றால் 6 கிகாஹெர்ட்ஸ் என்று யாரும் எண்ணிவிடக்கூடும். ஆனால் வைஃபை 6 இயங்குவது 2.4, 5 என்ற பழைய இரண்டிலும்தான். 6 கிகாஹெர்ட்ஸிலும் இயங்கக்கூடிய கருவிக்கு "வைஃபை 6இ" என்று தனிப்பெயர். எண்ணுக்குப் பின்னால் அலகு இல்லாமல் செய்தி எழுதினால் இவையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. சிம் அட்டை வழியாகக் கோபுரத்திலிருந்தே இணையத்தைப் பெற்று வீட்டுக்குள் வைஃபையாகத் தரும் உண்மையான 5ஜி ரவுட்டர்களும் சந்தையில் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கண்ணாடி இழை இணைப்பு வைத்திருக்கும் அந்த வாசகிக்கு அது தேவையில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டரை 5ஜி என்று நம்பி வாங்கிவந்த ஒரு குடும்பத்தில், வாசலில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா அந்தப் பெயரோடு இணையவே மறுத்ததையும் கண்டிருக்கிறேன். மலிவான கேமராக்களும் வைஃபை மின்விளக்குகளும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. கேமராவைப் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களைத் தடுத்து, அதே ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒளிபரப்பும் இன்னொரு பெயரோடு இணைக்கச் சொன்னேன். உடனே படம் வந்தது.

அதிர்வெண் என்று எழுதியவுடன், தமிழ் இதழியலில் எனக்கு நெடுநாளாக இருக்கும் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். "அலைவரிசை" என்ற ஒரு சொல்லின் தலையில் நாம் ஏற்றிவைத்திருக்கும் சுமை கொஞ்சமன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்று எழுதும்போது அது அதிர்வெண். 6ஆம் அலைவரிசைக்கு மாற்றவும் என்னும்போது அது சேனல். தொலைக்காட்சி அலைவரிசை என்னும்போது அது ஒரு நிறுவனம். அகன்ற அலைவரிசை என்னும்போது அது பிராட்பேண்ட். நாயகனும் இயக்குநரும் ஒரே அலைவரிசையில் இருக்கிறார்கள் என்னும்போது அது மன ஒற்றுமை. கதையிலும் பேட்டியிலும் இது அழகாக இருக்கலாம். ரவுட்டரின் அமைப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கள் இதழின் குறிப்பைப் படிக்கும் ஒருவருக்கு எதை மாற்றச் சொல்கிறார்கள் என்றே புரியாது. பள்ளி இயற்பியல் பாடநூலில் அதிர்வெண் என்ற சொல் பல தலைமுறையாக இருக்கிறது. 2ஜி வழக்கின் புண்ணியத்தில் அலைக்கற்றை என்ற சொல் தேநீர்க் கடை வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே, நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதற்கு அதிர்வெண் என்றும், அரசு பங்கிட்டுத் தரும் முழுப்பரப்புக்கு அலைக்கற்றை என்றும், அதில் 2.4, 5, 6 என்று வெட்டி எடுத்த பகுதிக்குப் பட்டை என்றும், ஒரு பட்டைக்குள் இருக்கும் எண்ணிட்ட பிரிவுக்குத் தடம் அல்லது சேனல் என்றும் எழுதினால் போதும். புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

இந்த நான்கும் தனித்தனிப் பொருள் என்பது ஏட்டறிவு மட்டுமன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். அந்த அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், ஏறக்குறைய அரைச் சாண். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. அதிர்வெண் கூடக் கூட, செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அலையை அதிகமாகத் தின்றுவிடுகின்றன. அதனால்தான், கூடத்தில் வேகமாக இருக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு பின்கட்டு அறைக்குப் போனதும் தள்ளாடுகிறது. வேகம் குறைந்த 2.4 அங்கேயும் எட்டுகிறது. நம் வீடுகளில் ரவுட்டரைக் கொண்டுபோய் இரும்பு பீரோவின் மேலோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ மறைத்து வைப்பது வழக்கம். பீரோ என்பது அலைக்கு ஒரு சுவர்கூட அன்று, கண்ணாடி. பட்டதைத் திருப்பி அனுப்பிவிடும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகிலேயே என்பதால், அது ஓடும் இரண்டு நிமிடம் சமையலறையில் காணொலி திக்குவதற்கு ரவுட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த அடுப்பும் புளூடூத்தும் வைஃபையும் ஒரே பட்டையில் நெருக்கிக்கொண்டு வாழ்வதற்குக் காரணம், அது உரிமம் தேவையில்லாத பட்டை என்பதே. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 1985இல் இத்தகைய பட்டைகளைத் தகவல் தொடர்புக்குத் திறந்துவிட்ட பிறகே இந்தத் தொழில் முளைத்தது. இந்தியாவில் 2.4 பட்டை 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018இலும் உரிமத்திலிருந்து விடுவிக்கப்பட்டன. ஏலத்தில் போன அலைக்கற்றை பட்டா நிலம் என்றால் இது ஊர் மேய்ச்சல் புறம்போக்கு. யாரும் மாட்டை ஓட்டிவரலாம். ஆனால் பக்கத்து வீட்டு மாடும் அங்கேதான் மேயும், அதை விரட்ட எவருக்கும் உரிமை இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாலை நேரத்தில் வைஃபை மந்தமாவதன் காரணம் இந்த மேய்ச்சல் நெருக்கடியில்தான் பெரிதும் இருக்கிறது. 2.4 பட்டையில் நம் நாட்டில் 13 தடங்கள் உண்டு. இவற்றின் நடுப்புள்ளிகள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்க, ஒரு ரவுட்டரின் ஒலிபரப்போ ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. எனவே எண்ணிக்கையில் 13 இருந்தாலும், ஒன்றையொன்று உரசாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றே. மாடியில் ஒருவர் 1இலும் கீழே ஒருவர் 6இலும் இருக்கிறார்கள், நாம் நடுவில் காலியாக இருக்கும் 3ஐ எடுத்துக்கொள்வோம் என்று மூன்றாமவர் நினைப்பது இயல்பு. மூவர் அமரும் இருக்கையில் இருவருக்கு நடுவே நான்காமவராக நுழைந்து உட்காருவதைப் போன்றது அது; தாமும் வசதியாக அமரமாட்டார், இருபுறமும் உள்ளவர்களையும் அமரவிடமாட்டார். உண்மையில் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கும் அதே 6ஆம் தடத்தை எடுத்துக்கொள்வதே மேல். ஏனெனில், ஒரே தடத்தில் இருக்கும் வைஃபை கருவிகள் ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கும் ஒழுங்கைப் பின்பற்றுகின்றன: பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், தடம் அமைதியாக இருந்தால் சிறிது பொறுத்துப் பேச வேண்டும். பாதி ஒன்றின்மேல் ஒன்று விழும் அண்டைத் தடத்தின் பேச்சு, புரியாத இரைச்சலாக மட்டுமே காதில் விழும்.

ஒரே ஊடகத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இந்தச் சிந்தனை, 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் தலைமையில் தீவுகளுக்கிடையே வானொலி வழியாகக் கணினிகளை இணைத்த அலோஹாநெட் திட்டத்திலிருந்து கிளைத்தது. அங்கே முதலில் காதுகொடுத்துக் கேட்கும் ஒழுங்கும் இல்லை. அனுப்புவார்கள், இரண்டு செய்திகள் மோதிச் சிதைந்தால் மீண்டும் அனுப்புவார்கள். நடிகை ஹெடி லாமர்தான் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று ஆண்டுதோறும் வரும் துணுக்கைப் பற்றியும் ஒரு சொல்: அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942இல் காப்புரிமை பெற்றது, நீர்மூழ்கிக் குண்டை வழிநடத்தும் வானொலியை எதிரி குலைக்க முடியாதபடி அதிர்வெண்ணைத் தாவித் தாவி மாற்றும் முறைக்கு. தாவும் முறை புளூடூத்தில் இன்றும் உண்டு. இன்றைய வைஃபை அவ்வாறு தாவுவதில்லை.

இப்போது அந்த 300 எம்.பி. இங்கேதான் தமிழில் எழுதுவோருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில இதழ்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. ரோமன் எழுத்தில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் உண்டு என்பதால், பிட்டையும் பைட்டையும் எழுத்தின் உருவத்தைக் கொண்டே பிரித்துக்காட்டி விடுகிறார்கள். தமிழில் இரண்டுமே எம்.பி.தான். நாடாளுமன்ற உறுப்பினரும் எம்.பி.தான். இணைய வேகத்தை "எம்.பி.பி.எஸ்." என்று சுருக்கினால் அது மருத்துவப் பட்டமாகவும் ஆகிவிடுகிறது. நகைப்புக்காக இதைச் சொல்லவில்லை. 8 பிட் சேர்ந்தது 1 பைட். சேவை நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டிலும், கோப்பின் அளவையும் மாத ஒதுக்கீட்டையும் பைட்டிலும் சொல்கின்றன. 100 மெகாபிட் இணைப்பு என்று பணம் கட்டியவர், 100 மெகாபைட் கோப்பு ஒரே நொடியில் இறங்கும் என்று எதிர்பார்த்து, நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் போகவில்லை என்று கண்டதும் ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறார். 1 கிகாபைட் திரைப்படம் இறங்க மிகச் சிறந்த நிலையிலும் 80 நொடி ஆகும். எனவே, எவ்வளவு இடநெருக்கடி இருந்தாலும், மெகாபிட், மெகாபைட் என்று முழுச் சொல்லாகவே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தேர்வறையில் பிடிபடும் "பிட்" நினைவுக்கு வந்தாலும் பரவாயில்லை.

பெட்டியின் மேல் அச்சிட்ட 300 என்பதும் இணையத்தின் வேகமன்று. ரவுட்டருக்கும் கைப்பேசிக்கும் இடையே ஏட்டளவில் சாத்தியமான உச்ச இணைப்பு வேகம் அது. அதே தடத்தில் காத்திருத்தல், சரிபார்ப்புச் செய்திகள், மற்றக் கருவிகளின் பங்கு எல்லாம் போக, கைக்குக் கிடைப்பது அதில் பாதியளவாக இருப்பது சாதாரணம். கட்டணத் திட்டமே 40 மெகாபிட் என்றால் 300க்குப் பதில் 1200 என்று போட்ட பெட்டியை வாங்கினாலும் இணையம் 40தான். இன்னொரு வகை ஏமாற்றம், வீட்டின் மூலைக்கு அலை எட்டவில்லை என்று வாங்கும் ரிப்பீட்டர். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் அந்தக் கருவி, ஒரே தடத்தில் கேட்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும் என்பதால், வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கிவிடுகிறது. வசதி இருந்தால் அந்த அறை வரை ஒரு கம்பி இழுத்து, அங்கே ஓர் அணுகுமுனை வைப்பது சிறந்தது. கம்பியில்லா வலையமைப்பைச் சரியாக அமைக்கக் கம்பி வேண்டும் என்று வகுப்பில் நான் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள்.

அணுகுமுனை என்றேன். மோடம், ரவுட்டர், அணுகுமுனை ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாக்கிவிட்டோம். வீட்டில் அவை பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. வெளியிலிருந்து வரும் ஒளியையோ மின்குறியையோ கணினிக்குப் புரிய மாற்றித்தருவது ஒரு வேலை. கண்ணாடி இழை இணைப்பில் இதைச் செய்யும் பகுதியை ஓ.என்.டி. என்பார்கள், தொலைபேசிக் கம்பிக் காலத்தில் மோடம் என்றார்கள். வீட்டு வலையமைப்புக்கும் வெளி வலையமைப்புக்கும் நடுவே நின்று எந்தத் தரவுப் பொட்டலம் எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது ரவுட்டரின் வேலை. திசைவி என்ற தமிழ்ச்சொல் அதற்கு மிகவும் பொருந்துகிறது. அலையாக மாற்றி அறைக்குள் பரப்புவது அணுகுமுனையின் வேலை. கல்லூரி, மருத்துவமனை போன்ற பெரிய கட்டடங்களில் திசைவி ஒன்றிரண்டும் அணுகுமுனைகள் நூற்றுக்கணக்கிலும் இருக்கும். "கல்லூரி வளாகத்தில் 200 ரவுட்டர்கள்" என்று செய்தி வரும்போது, அவை அனேகமாக அணுகுமுனைகளாக இருக்கும் என்று நாங்கள் மனத்துக்குள் திருத்திப் படித்துக்கொள்வோம்.

பாதுகாப்புச் செய்திகளில் சொற்பிழை நேரடியாகத் தீங்கு செய்யும். ஒரு ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு: வைஃபையில் சேர ஒன்று, ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்க மற்றொன்று. "வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன், பாதுகாப்பாக இருக்கிறது" என்று சொல்லும் பலர், இரண்டாவதைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டிருக்கிறார்கள். அமைப்புத் திரையில் டபிள்யூ.இ.பி., டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 என்று வரிசையாகத் தெரிபவை, காற்றில் போகும் தரவை மறையாக்கும் முறைகள். முதலாவதை உடைக்கும் வழி 2001இலேயே வெளியாகிவிட்டது. அதைத் தேர்ந்தெடுப்பது கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாள் போடாமல் தூங்குவது. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 இன்றும் பரவலாக இருக்கிறது. 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 கருவியில் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். பெயரை மறைத்துவைத்தால் பாதுகாப்பு என்று ஒரு குறிப்பு அடிக்கடி வருகிறது. ரவுட்டர் தன் பெயரைச் சொல்லாவிட்டாலும், அதோடு சேர வரும் கைப்பேசி அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும் என்பதால், ஒட்டுக்கேட்பவருக்கு அது மறைவன்று.

எஸ்.எஸ்.ஐ.டி. எனப்படும் அந்தப் பெயர் அடையாளச் சான்றும் அன்று. பேருந்து நிலையத்தின் இலவச வைஃபைக்கு என்ன பெயரோ அதே பெயரைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எவரும் தம் கைப்பேசியில் வைத்துப் பரப்பலாம். பொது இடத்தில் இணையும் வாசகருக்கு இதைச் சொல்லாமல் "கவனமாக இருங்கள்" என்று மட்டும் அறிவுறுத்தினால் எதில் கவனமாக இருப்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதே பெயர் குறித்து வேறொன்று: இதற்கு 32 பைட் மட்டுமே இடம் உண்டு. தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டால், ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும், அதன் மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியே 3 பைட் ஆகும். "எங்கள் வீடு" என்ற பெயர் இடைவெளியோடு சேர்த்து 31 பைட், தப்பித்துவிடுகிறது. "முருகன் இல்லம்" 40 ஆகிவிடுவதால் ஏற்காது. எங்கள் வீட்டில் நான் இதைச் சோதித்தே பார்த்தேன்.

கடைசியாகத் தமிழ்ச் சொற்கள். அருகலை, ஊடலை, பகிரலை, ஆலலை என்று ஒரு பட்டியல் பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றிவருகிறது. தங்கள் இதழும் அவ்வப்போது அதிலிருந்து எடுத்தாள்கிறது. அருகலை என்பதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அருகே மட்டும் எட்டும் அலை என்ற பொருள், வைஃபை எனும் வெற்றுப் பெயரைவிட அதிகமாகச் சொல்கிறது. அந்த வாசகிக்கு "அருகலை இருக்கிறது, இணையம் இல்லை" என்று விடை எழுதியிருந்தால் குழப்பமே வந்திராது. புளூடூத்தை ஊடலை என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. "பயன்படுத்தாதபோது ஊடலை நிறுத்திவையுங்கள்" என்று தங்கள் இதழில் ஒரு முறை வந்த குறிப்பை, கணவன் மனைவிக்கான அறிவுரை என்றே என் மனைவி படித்தார். ஹாட்ஸ்பாட்டுக்குச் சொல்லப்படும் பகிரலை என்பது ஒருவர் தம் கைப்பேசி இணைப்பைப் பிறருக்குப் பகிர்வதற்குப் பொருந்தும். ஆனால் ஹாட்ஸ்பாட் என்ற சொல்லுக்கு, ரயில் நிலையம், தேநீர்க் கடை போன்ற பொது வைஃபை கிடைக்கும் இடம் என்ற மூத்த பொருளும் உண்டு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம்.-வாணி திட்டத்தில் கடைக்காரர்கள் நடத்துவது அந்த இரண்டாம் வகை. பழைய மஞ்சள் பலகைத் தொலைபேசிக் கூண்டுகளின் வாரிசு என்று சொல்லத் தக்கது. அதைப் பகிரலை என்று எழுதினால் பொருள் மாறுகிறது. பிராட்பேண்டை ஆலலை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சொல் தமிழாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். எனினும் ஒரு கட்டுரையில் அருகலை, அடுத்த பத்தியில் வைஃபை, அதற்கடுத்ததில் கம்பியில்லா இணையம் என்று ஒரே பொருளை மாற்றி மாற்றி எழுதுவதைவிட, ரவுட்டர், சேனல் என்ற கடன் சொற்களையேனும் ஒரே பொருளில் தொடர்ந்து ஆள்வது வாசகருக்கு உதவும். தங்கள் அலுவலகத்தில் ஆட்பெயர்களுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் ஓர் எழுத்துநடைக் கையேடு இருக்கும் என்று நம்புகிறேன். அதில் இந்தத் துறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். அதற்கு முன்பாக, இணைப்பிதழின் அதே பகுதியில், வைஃபைக்கு விரிவு இல்லை என்பதையும், 5 கிகாஹெர்ட்ஸ் என்பது 5ஜி அன்று என்பதையும் திருத்தமாக வெளியிட்டு, அந்த வாசகியை ரவுட்டர் வாங்கும் முன் கட்டணத் திட்டத்தின் கடைசித் தேதியையும், கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுமாறு வேண்டுகிறேன். இந்தக் கடிதம் அச்சேறும் வரை அவர் கடைக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
பாளையங்கோட்டை.